ஆர்குட்டில் ஆமென்

8 ஜூலை 2008, செவ்வாய்

வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டர். கீபோர்டில் யாரோ தின்ற சமோசாவின் எண்ணெய். எங்கள் சபை வாலிபர் குழுவின் ஆர்குட் பக்கத்தைத் திறந்தேன். செயலாளர் ஜோசப் அண்ணன் எழுதியிருக்கிறார்: "சகோதரி விக்டோரியாவின் மனநோய்க்காக ஜெபியுங்கள். மாத்திரை சாப்பிடுகிறார்."

கீழே வரிசையாக ஆமென். ஒன்றின் பக்கத்தில் மஞ்சள் சிரிப்பு முகம்.

வீட்டு ஜெபத்தில், கதவைச் சாத்திய பிறகு, அவள் அழுதுகொண்டே சொன்னது. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.



9 ஜூலை

ஜோசப் அண்ணனைக் கிழித்து அங்கேயே ஒரு பக்கம் டைப் செய்தேன். படித்த எம்.ஏ. முழுக்க அதில் இறங்கியது. எல்லோரும் வாசிப்பார்கள் என்று நினைத்தபோது உள்ளே ஓர் இனிப்பு. அவருக்கும் இதே இனிப்புதானா?

போடாமலேயே அழித்துவிட்டேன். தவறியவனிடம் முதலில் தனியாகப் போ என்று ஞாயிறு பள்ளியிலேயே சொன்னார்கள். ஆர்குட்டில் தனி எங்கே?

10 ஜூலை

அவர் வீட்டுக்கே போனேன். டீ கொடுத்தார்.

"ஜெபத்துக்குத்தானேம்மா போட்டேன். இதுல இன்னா தப்பு?"

உண்மையாகவே புரியவில்லை. அதுதான் அருவருப்பு. அவளைக் கேட்டீர்களா என்றேன். டீயைப் பார்த்தார். எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

11 ஜூலை

எடுத்துவிட்டார். அதே இடத்தில் புதிதாக: "சகோதரி விக்டோரியாவின் மனநோய் பற்றிய பதிவு, அவர் நலன் கருதி நீக்கப்பட்டது."

மறுபடி ஆமென்கள்.

ஆண்டவரே, இவர்களோடுதான் பரலோகமா?

13 ஜூலை, ஞாயிறு

மாப்பிள்ளையின் தம்பியும் அந்தக் குழுவில் இருந்திருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் நேற்று வந்து பேசிவிட்டுப் போனார்களாம். கல்யாணம் இல்லை.

விக்டோரியா ஆராதனைக்கு வரவில்லை. முடிந்ததும் போய்ப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போட்டுப் போகும் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எல்லாரும் ஜெபம் பண்ணிக்கினே கீறாங்களாம். ஒருத்தரும் ஊட்டாண்ட வரல. நீயும் பண்ணப் போறியாடி?"

துப்பட்டாக்களை மடித்தேன்.

14 ஜூலை

குழுவிலிருந்து விலகினேன். யாருக்கும் தெரியவில்லை.

19 ஜூலை, சனி

விக்டோரியாவிடமிருந்து எஸ்.எம்.எஸ். ஓவர்டைமாம். மாத்திரை தீர்ந்துவிட்டது, திருவள்ளூரில் வாங்க முடியுமா, சீட்டு அம்மாவிடம் இருக்கிறது.

வாங்கினேன். மருந்துக் கடைக்காரர் கவரில் போட்டார், என்ன நோய் என்று கேட்கவில்லை. அந்த மனுஷன் எந்தச் சபையோ.

அவள் வரும்வரை அவளுடைய அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். வந்ததும் கவரை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள். நாளை கோயிலுக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அவளாகவே சொன்னாள், கடைசி பெஞ்சில் இடம் பிடித்து வைக்கச் சொல்லி.

ஓரமாக. வாசல் பக்கம்.