நடுப் பாகம் என்னிடம்தான் இருக்கிறது

மத்திகிரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ரிஹானுக்கு அம்மா காத்தூன் எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அத்தாவும் வழக்கம்போல் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கனடா பனியில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குப் பேனாவைப் பிடித்தாள் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே ஸ்பீக்கரில் போடு என்கிறார் அத்தா. வாட்ஸ்அப்பில் எழுதினால் என்னைக் கேட்காமலே எடுத்துப் படித்துவிடுகிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது தீர்த்தகிரி அண்ணனோடு டீக்கடைக்குப் போயிருக்கிறார், கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்ற கதையைப் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் திரும்ப மாட்டார்கள். நாளைக்கு உன் தங்கை அஸ்பியா வீட்டுக்குப் போகிற சாக்கில் கிருஷ்ணகிரியிலேயே இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

அத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், முதல் வேலையாகச் சமையலறைச் சுவரில் உள்ள எண்ணெய்க் கறையைக் கண்டுபிடித்துச் சொன்னார். உன் தங்கை மகள் ஆஃப்ஷீன் வாய் ஓயாமல் பேசுகிறாள், மாமா எங்கே என்று கேட்டால் நிலாவைக் கை காட்டுகிறாள், அஸ்பியா அப்படிச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள். நான் திட்டினேன். ஆனால் அந்தப் பிஞ்சு விரலைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. மற்றபடி வெயில் ஆரம்பித்துவிட்டது, ஓசூரில் வெயிலா என்று கேட்ட காலமெல்லாம் போய்விட்டது.

நீ அனுப்பிய நாவலைப் பற்றிக் கேட்டிருந்தாய், பதிப்பகத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் படித்து அபிப்பிராயம் சொல்லுங்கள் என்று. போனில் படித்தால் தலை வலிக்கிறது, அதனால் கடைத்தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் கன்னடத்தில் என்னம்மா இது, காலேஜ் பிராஜெக்டா என்று கேட்டார். என் மகன் எழுதிய நாவல், சனி கிரகத்து நிலாவில் நடக்கிறது என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூன்று பாகத்துக்கும் காசு வாங்காமல் சுருள்கம்பி போட்டுக் கொடுத்தார். நீ மூன்று ஃபைலாக அனுப்பியிருந்தாய், மூன்றும் தனித்தனியாக ஒன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கின. வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் தாளில் அட்டை போடும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது ரிஹான். உனக்கு மூக்கண்டப்பள்ளி லைன் வீடு ஞாபகம் இருக்கிறதா? அத்தா ஒரு ஷிப்ட், நான் ஒரு ஷிப்ட், நீ பள்ளிக்கூடம். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வந்த விஞ்ஞான நாவலுக்கு மூன்று பேரும் அடித்துக்கொள்வோம், தடித்த புத்தகம் டிபன் பையிலும் நுழையாது. கடைசியில் உன் அத்தா எடுத்த முடிவுதான், பிளேடை எடுத்துப் புத்தகத்தையே மூன்றாகப் பிளந்தார். முதல் பாகம் கம்பெனி பஸ்ஸில் படிக்க எனக்கு. கடைசிப் பாகம் அவருக்கு, முடிவு தெரிந்துவிட்டால் பயமில்லாமல் படிக்கலாம் என்பது அவர் கட்சி. நடுப் பாகம் எப்போதும் உனக்கு. மைதா பசை தடவிக் காலண்டர் தாள் ஒட்டி ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போவோம், மூன்று பேருக்கும் லீவு சேர்ந்து வருகிற நாளில் உட்கார்ந்து கதையை ஒட்ட வைப்போம். நீ முதலும் தெரியாமல் முடிவும் தெரியாமல் நடுவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இட்டுக்கட்டிச் சொல்வாய் பார், பல நாள் அச்சில் இருந்ததைவிட நீ சொன்னதுதான் நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டு செல்லி அக்கா, புத்தகத்தை இப்படிக் கிழிக்கிறீங்களே பாவம் இல்லையா என்று கேட்டதற்கு அத்தா சொன்னாரே, "சோத்தப் பங்கு போட்டு துன்றதில்லியா அக்கா, அந்த மாதிரிதான்" என்று. அந்த வீட்டில் மழை பெய்தால் ஒழுகும், தண்ணீர் லாரிக்குச் சண்டை போட வேண்டும், ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.

சரி, அபிப்பிராயத்துக்கு வருகிறேன். முகஸ்துதி எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். இந்த வகை நாவல்களில் எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று நீ அறிவாய். வானத்தில் கப்பலும் கப்பலும் சுட்டுக்கொள்கிற கதைகளை நான் பாதியில் வைத்துவிடுவேன், அதில் யாருக்கும் பசிக்காது. எனக்குப் பிடித்தது செவ்வாயில் கிணறு வெட்டுகிற கதை, ஞாபகம் இருக்கிறதா? ஊரே சேர்ந்து தோண்டும், தண்ணீர் வராது, ஆனாலும் ஒருவன் தினமும் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். அந்த வாளிக்காகவே மூன்று தடவை படித்தேன். அடுத்தது, காலத்தில் பின்னால் போகிற மெஷின் கிடைத்த கிழவன் ராஜாவையும் பார்க்காமல் யுத்தத்தையும் தடுக்காமல், தன் கல்யாணத்தன்று காலையில் போய் நாஷ்டா மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவானே அது. அத்தாவுக்கு அது பிடிக்காது, அவ்வளவு கரண்ட் செலவழித்து இட்லியா என்பார். இந்த இரண்டையும் இன்னொரு தடவை நினைத்துப் பார் என்று சொல்வேன். உன் நாவலில் கண்ணாடிக் கூடாரம் வருகிறது, காற்று உண்டாக்குகிற மெஷின் வருகிறது, ஆனால் யாராவது ஒருவர் ஒரு பாத்திரமாவது கழுவுகிறார்களா? சாப்பிட்ட தட்டு எங்கே போகிறது? அதைக் கொஞ்சம் எழுது. உன் கதாநாயகன் அந்தக் கரீம் தனியாகக் கீரைப் பாத்தி போட்டு, முளை வந்ததும் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கீரையிடமே சொல்கிறானே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். நன்றாக எழுதியிருக்கிறாய் கண்ணு. மனசாரச் சொல்கிறேன்.

ஒரு கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நடுப் பாகத்தில் கப்பல் போய்க்கொண்டிருக்கும்போது கரீமின் அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஒரே வரி. அடுத்த வரியில் அவன் கப்பலின் பில்டரைச் சுத்தம் பண்ணப் போய்விடுகிறான். அவன் அத்தாக்காரர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து மிக்சி ரிப்பேர் பண்ணிக்கொண்டிருக்கிறார், எனக்கு ஒரு வரியா? இந்த மாதிரி நாவல் எழுதுகிறவர்கள் எல்லாரும் அம்மாவைக் கொன்றுவிட்டுத்தான் ராக்கெட்டைக் கிளப்புகிறீர்கள், இல்லாவிட்டால் போகவிட மாட்டாள் என்று பயம். நான் உன்னைப் பெங்களூர் ஏர்போர்ட்டில் கையசைத்து அனுப்பியவள்தானே?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பாகத்தையும் நான் முதலில் படித்து முடித்தேன். பிறகு பழைய பழக்கத்தில், கை தன்னால் போய்க் கடைசிப் பாகத்தை அத்தாவின் டிபன் பை மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டது, அதுதான் எப்போதும் அவர் பங்கு. அந்தக் காலத்துப் புத்தகத்தில் பக்க நம்பரைப் பார்த்தாலே கடைசிப் பாகம் என்று தெரிந்துவிடும். இதில் ஒன்றாம் பக்கம் என்று போட்டிருந்ததா, இதுதான் ஆரம்பம் என்று நினைத்துப் படித்துவிட்டார். முடித்துவிட்டு அவராகவே முதல் பாகத்தை எடுத்து அடுத்ததாகப் படித்திருக்கிறார். நீ அந்தக் கடைசிப் பக்கத்தை எப்படி முடித்திருக்கிறாய்? ஊருக்குத் திரும்புகிற கப்பல் வந்து நிற்கிறது, கரீம் ஏணி வரைக்கும் நடக்கிறான், கப்பல் கிளம்புகிறது, தூரத்தில் அவன் கூடாரத்தில் விளக்கு எரிகிறது. ஏறினானா இல்லையா என்று வாய் திறந்து சொல்லவில்லை, விளக்கை வைத்துச் சொல்லியிருக்கிறாய், எனக்குப் புரிந்தது. முதல் பாகம் எப்படித் தொடங்குகிறது? கம்பெனி பஸ் ஹாரன் சத்தத்தில் கரீம் லைன் வீட்டில் கண் விழிக்கிறான். கடைசியில் ஊரையே கூப்பிட்டுப் பிரியாணி விருந்து. அது வழியனுப்புகிற விருந்து என்று நடுப் பாகத்தின் முதல் வரியில்தான் சொல்கிறாய்.

அன்றைக்கு அவர் வந்து நின்ற நிற்பை நீ பார்த்திருக்க வேண்டும். "காத்தூனு, நம்ம பையன் எப்பிடி எழுதியிருக்கான் பாரு. கப்பலு கெளம்புது, அவ்ளோதான். அடுத்த பாகத்துல நம்ம வீட்டுல கண்ணு முழிக்கிறான். வந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லல, ஆனா வந்துட்டான்" என்றார். ஊர் திரும்பியவனுக்கு வைத்த விருந்து என்று நினைத்து அந்தப் பிரியாணிப் பக்கத்தை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அந்த விளக்கைப் பற்றிக் கேட்டேன். சிரித்தபடி, "கெளம்பறப்ப லைட்ட அணைக்காம போயிருக்கான் பொறுப்பில்லாத பய, சாட்சாத் இவனேதான்" என்றார். உன் கதையில் உள்ளதைத்தான் உன் வாழ்க்கையிலும் செய்யப்போகிறாய் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தீர்த்தகிரி அண்ணனிடம் பையன் திரும்பி வரப்போகிறான் என்று சொல்லியாகிவிட்டது, அண்ணன் தன் நாகரசம்பட்டித் தோப்பில் உனக்கென்று ஒரு மாமரத்தையே ஒதுக்கிவிட்டார். உனக்காக மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். மீதிப் பாகம் எங்கே என்று தினமும் கேட்கிறார், நடுப் பாகத்தைத்தான் கடைசிப் பாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அதில் கரீமுக்குக் கல்யாணம் நடக்கும் என்று என்னிடமே கதை சொல்கிறார். அஸ்பியா படிக்க எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது நம் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால்தான் இருக்கிறது.

போன மாதம் அத்தா தொழுகைக்குப் போயிருந்தபோது நீ என்னிடம் சொன்னாயே, அங்கேயே நிரந்தரமாக இருக்க எழுதிப் போட்டுவிட்டேன், வீடு பார்க்கிறேன், அத்தாவிடம் நீங்களே மெதுவாகச் சொல்லிவிடுங்கள் என்று. சரி என்று வாய் சொல்லிவிட்டது. நாவலைப் படித்தபோது இதைச் சொல்லத்தான் நீ அதை எழுதினாய் என்று தெரிந்துகொண்டேன். எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி சோறு போடும்போது இன்னும் கை ஒரு தட்டு அதிகமாக எடுக்கிறது. ஆனால் நீ அங்கே சந்தோஷமாக இருந்தால் அந்த ஏணியில் ஏறு என்று நான் இழுக்க மாட்டேன், நாவலின் முடிவை மாற்று என்றும் சொல்ல மாட்டேன், அது நல்ல முடிவு. ஒன்றே ஒன்றுதான் என்னால் முடியாது மகனே. அந்தச் சந்தோஷமான மனுஷன் கையில் நடுப் பாகத்தை நான் கொடுக்க மாட்டேன். மூன்றாகக் கிழித்த நாளிலிருந்து அது உன் பங்கு. அதை அவருக்குச் சொல்ல வேண்டியவனும் நீதான். அச்சிட்டுச் சொல்லாதே, வாயால் சொல். கோபப்படுவார், இரண்டு நாள் பேச மாட்டார், பிறகு அந்த ஊரில் கீரை முளைக்குமா என்று கேட்பார், எனக்கு அவரைத் தெரியும். நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது, நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரமாவது வர முடியுமா என்று பார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தால் மாடி அறையில்தான் உட்காருவார், அந்த நேரத்துக்கு அவர் நம்பருக்கே பேசு, நான் கீழே இருப்பேன், காது கொடுக்க மாட்டேன். கம்பளிச் சாக்ஸ் போடாமல் வெளியே போகாதே. பாத்திரத்தை உடனே கழுவி வை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிம்மதியான தூக்கத்தையும் உன் மனசுக்கு ஏற்ற வீட்டையும் தருவான், அது எந்த ஊரில் இருந்தாலும் நாங்கள் கையேந்திக் கேட்கும் துஆ அதன் வாசலில் இருக்கும்.

உன் அம்மா,
காத்தூன்

பின்குறிப்பு: டீக்கடையிலிருந்து அவர் வந்துவிட்டார், அதனால் நிறுத்துகிறேன். வாழ்நாள் முழுக்க லைட்டை அணை, லைட்டை அணை என்று உன்னைத் துரத்திய மனுஷன், இப்போது ஒரு வாரமாக மாடி அறை விளக்கைப் போட்டே வைத்திருக்கிறார். நான் அணைத்தால் திரும்பவும் போய்ப் போட்டுவிட்டு வருகிறார்.