பேல் அளவு இடத்தில் சில அணுக்கள்

அம்மிணி,

இன்று காலை பின்னல் மெஷினிலிருந்து இறங்கிய பனியன் துணியின் ஓரத்தை வழக்கம்போல் இரு கையாலும் இழுத்து விட்டேன். சட்டென்று பழைய அகலத்துக்குத் திரும்பியது. நல்ல துணிதான். ஏனோ அதன்மேல் கோபம் வந்தது. நீ போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தத் துணிக்கு மட்டும் திரும்பத் தெரிகிறதாக்கும்!

நீ பி.எஸ்.சி. பௌதிகம் முடித்து, மேலே படிக்க மெட்ராசில் இடம் கிடைத்த ஆனி மாதம் ஞாபகமிருக்கிறதா? அப்பா உன்னிடம் பேசாமல் என்னிடம் பேசினார். "போனாத் திரும்பி வருவாளாடா? நீ ஜவாப்தாரின்னா அனுப்பறேன்." உன் படிப்பு என் ஒரு சொல்லில் இருந்தது. தங்கச்சி, உன்னிடமே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

நேராகப் பதில் சொன்னால் அது நீயா? "அண்டமே விரிஞ்சுட்டுப் போகுதுங்கண்ணா. அது திரும்புமான்னே இன்னும் ஆருக்கும் தெரியாது" என்றாய். உள்ளே இருக்கும் பொருளெல்லாம் ஒன்றையொன்று இழுக்கிறதாம். அடர்த்தி ஓர் அளவுக்கு மேலே இருந்தால் விரிவு ஒருநாள் நின்று, சுருங்க ஆரம்பிக்கும். கீழே இருந்தால் போய்க்கொண்டே இருக்கும். சரியாக அந்த அளவிலேயே இருந்தால் வேகம் தேய்ந்துகொண்டே வரும், ஆனால் நிற்காது. அந்த எல்லைக்குத்தான் மாறுநிலை அடர்த்தி என்று பேர். அது எவ்வளவு இருக்கும் என்றேன். மூலையில் கட்டிக் கிடந்த பெரிய பனியன் மூட்டையை, அந்தப் பேலைக் காட்டினாய். "அத்தாம் பெரிய எடத்துக்கு விரல்விட்டு எண்ணற அணுதானுங்க."

தொழில்காரன் புத்தி எங்கே போகும்? "இழுத்தாத் திரும்பறதுதான் நல்ல சரக்கு, திரும்பாதது வேஸ்ட்டு. அடர்த்தி சாஸ்தியா இருக்கோணும்னு முருகனக் கும்பிட்டுக்க" என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஐயோ அண்ணா, அண்டம் திரும்புனா அத்தனையும் ஒண்ணா நசுங்கிப் போயிருமுங்க!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூரம் போகப்போக இழுப்பு கொறையுமுங்கண்ணா. ஆனா அத்துப் போகாது" என்றாய்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம், "வந்தாலும் வராட்டியும் அவ நம்ம புள்ளதானுங்க. அனுப்பி வையுங்க" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உனக்குப் பெட்டி வாங்கக் கடைக்குப் போனார்.

நீ இங்கே திரும்பி வந்து குடியிருக்கவில்லை. மெட்ராசிலேயே வேலை, கல்யாணம். முதலில் தீபாவளி தவறாமல் வந்தாய், பிறகு எப்போதாவது. போன தையில் நீ கண்ணை மூடும் வரைக்கும் வரத்து அடியோடு நிற்கவில்லை. அதை நான் குறையாக நினைத்ததே இல்லை. எங்களோடு நசுங்கிப் போகாமல் உன் பாட்டுக்கு விரிந்தாயே, அது எனக்குச் சந்தோஷம்தான்.

நீ சொன்னதில் ஒன்று மட்டும் தப்பு, அம்மிணி. தூரம் போகப்போக இழுப்பு குறையும் என்றாய். குறையவில்லை.