ஆணியில் தொங்கிய செங்கல் நிற நூல்

மொட்டைமாடியில் மருமகள் நாவல் கொட்டையைக் காயப்போட்டிருக்கிறாள், மாப்ள. எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. அந்தத் துவர்ப்பு வாசம் மூக்கில் ஏறியதும் உன் செல்லூர் சாயப்பட்டறை வாசலில் போய் நின்றுவிட்டேன்.

அப்போது எழுபதுகளின் கடைசி. டாக்டர் உன்னைத் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். வீட்டிலேயே சிறுநீரைச் சோதிக்க, கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த நான்தான் பழக்கினேன். மருந்துக்கடை நீலக் கரைசலில் சில சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் என்றால் ஆபத்து. நீ சும்மா இருப்பாயா? அந்தந்த நிறச் சாயத்தில் நூலை முக்கி, ஆணியில் வரிசையாகத் தொங்கவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பாய்.

வாடிப்பட்டித் தோப்பிலிருந்து கொட்டை கொண்டுவந்து, இடித்துச் சலித்துக் கொடுத்தது நான். அதில் இருக்கும் ஏதோ ஒரு சத்து சர்க்கரையை இறக்கும் என்று எங்கோ கேட்டதை, ஆய்வகத்துக்காரன் என்ற மிதப்பில் அடித்துச் சொன்னேன். ஒரே மாதத்தில் பச்சை வந்தது. ஊசியை நிறுத்திவிடவா என்று கேட்டாய். நிறுத்திப் பார் என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்?

பிறகு பார்க்கும்போதெல்லாம் பச்சைதான் என்பாய். நானும் பூரித்துப்போய் அடுத்த பொட்டலத்தை நீட்டுவேன். சோதனைக் குழாயைக் காட்டு என்று ஒருநாளும் கேட்கவில்லை. சாயத்தண்ணீரில் நின்ற காலில் புண் வந்து, ஆறாமல் கறுத்து, ஆஸ்பத்திரியில் காலை எடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"ரெண்டு மாசமா செங்கல்தான் மாப்ள. அம்புட்டுத் தூரம் போயி, கையால இடிச்சுக் கொண்டாந்து குடுக்குற. உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

அதன்பின் நீ பத்து நாள்கூட இருக்கவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். என்மேல் இருப்பதை என்னவென்று சொல்வது?

பட்டறையைக் காலி செய்தபோது அந்தச் செங்கல் நிற நூலை மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது என் ஊசி டப்பாவில் சுற்றி வைத்திருக்கிறேன். பொடி சாப்பிட்டாலும் ஊசியை விடுவதில்லை.

இன்று காலை விரலில் குத்திப் பார்த்தபோது அளவு எகிறியிருந்தது. மாடியில் கொட்டையைக் கிளறிக்கொண்டே, "எப்படி இருக்கு மாமா, பொடி கேக்குதா?" என்றாள் மருமகள். வெயிலில் அவள் முகம் சிவந்திருந்தது. நல்லா இருக்கும்மா என்று வாய்வரை வந்துவிட்டது, மாப்ள. கையிலிருந்த ஊசி டப்பாவைப் பார்த்தேன். ஏறியிருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன்.