ஸ்கேன் அறைச் சாவி

மல்காஜ்கிரி
1-7-2024

அன்புள்ள தேவராஜ்,

நலம்தானே? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நம் ஆஸ்பத்திரி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின், ஸ்கேன் டாக்டர் என்று உன் பெயரில் மட்டும் பதிவானது, சட்டப்படி வேறு யாரும் தொடக்கூடாது. நீ வாரத்தில் மூன்று நாள் வருகிறாய். மற்ற நாட்களில் அறைக்குப் பூட்டு. என் வார்டுக் குழந்தைகள் கிழமை பார்த்தா இருமுகிறார்கள்? எக்ஸ்ரேயில் தெரியாத நியூமோனியாவைக்கூட முதுகில் ஸ்கேன் வைத்துப் பல தடவை கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பயிற்சியும் முடித்துவிட்டேன். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க வந்த சட்டம், மூச்சுத் திணறும் பிள்ளைக்கும் கதவைச் சாத்துகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? என் பெயரையும் சேர்க்கச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போடு.

ரோகிணி

செகந்திராபாத்
3-7-2024

அன்பு ரோகிணி,

கோபம் உன் கையெழுத்திலேயே தெரிகிறது. மனு போட்டால் அதிகாரிகள் ஆய்வுக்கு வருவார்கள். கர்ப்பிணிகளுக்கு நிரப்பும் படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தாலும் மெஷினுக்குச் சீல்தான். பிறகு யாருக்குமே ஸ்கேன் கிடையாது. திருநெல்வேலியில் ஒன்றாகப் படித்த பாவத்துக்கு, மாற்றுச் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள். கேஸ் ஷீட்டில் மட்டும் ஒரு வரிகூட எழுதாதே.

தேவராஜ்

மல்காஜ்கிரி
17-7-2024

தேவராஜ்,

வெள்ளிக்கிழமை நிகில் என்று இரண்டு வயதுப் பையன் வந்தான். எக்ஸ்ரே சுத்தம். உன் சாவியால் திறந்து பார்த்தேன். இடப்பக்க நுரையீரலின் அடிப்பகுதி ஈரல் மாதிரி கெட்டியாக இருந்தது. ஊசி ஆரம்பித்தேன். நீ சொன்னபடி ஸ்கேனைப் பற்றி எழுதவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் பயந்தேன். மறுநாள் எனக்கு லீவு. டியூட்டி டாக்டர் கிரி எக்ஸ்ரேயைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, வைரல்தான்" என்று ஊசியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர்மேல் என்ன தப்பு? தாளில் இருந்ததைத்தானே படித்தார்.

நேற்றுத் திரும்பி வந்தான். நெஞ்சில் சீழ், குழாய் போட்டிருக்கிறோம். உன்மேல் ஆத்திரமாக வருகிறது, அதைவிட என்மேல். இந்தா உன் சாவி.

ரோகிணி

செகந்திராபாத்
18-7-2024

ரோகிணி,

சாவி வந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்று வார்டுக்குப் போய், அந்த வெள்ளிக்கிழமை ஸ்கேனை இன்றைய தேதியிட்டு கேஸ் ஷீட்டில் எழுதினேன். சாவி கொடுத்ததும், எழுதாதே என்றதும் நான்தான் என்று சேர்த்தே எழுதினேன். நீ ஓபியில் இருந்தாய், கூப்பிட மனம் வரவில்லை. நிகிலுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

அவன் அம்மா ஜெஸ்ஸியிடமும் சொன்னேன். "அப்ப வெள்ளிக்கெழமயே தெரியுமா சார்?" என்று கேட்டாள். ஸ்கேனில் தெரிந்துவிட்டது என்றேன். பையனின் போர்வையை இழுத்துவிட்டு, "ரோகிணி மேடத்துக்குமா?" என்றாள்.

அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். ஆறாம் நம்பர் கட்டில். போய்ச் சொல்.

தேவராஜ்