கோடு சேராத சுவர்

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டைலரம்மா எழுதுகிறாள். போனில் உன் பேச்சு பாதிதான் காதில் விழுகிறது, கடிதம்தான் சரி. நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போடுகிறது.

நீ கம்ப்யூட்டரில் வலை பின்னுகிறாய் என்றேன். “மீன் பிடிக்கவா?” என்கிறார் தபால்காரர். என் மானத்தைக் காப்பாற்று.

அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பா,

தபால்காரரிடம் சொல்லுங்கள்: பாலம் பாரம் தாங்குமா என்று கட்டுவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும். அதற்குப் பாலத்தின் படத்தை முக்கோணங்களாக வெட்டுகிறோம்; அந்த முக்கோணப் பின்னல்தான் வலை. வளைவில் பொடிசாக, மற்ற இடத்தில் பெரிசாக. கோடிக்கணக்கில் வரும், ஒரு கம்ப்யூட்டரால் ஆகாது. துண்டு போட்டு நூறு கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்தில் கொடுப்போம். துண்டுகள் சேரும் ஓரத்தில் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாவிட்டால் கணக்கே தப்பு. அதனால் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களை ஓரத்தை முதலில் பேசி முடிக்க வைத்துவிட்டுத்தான் துண்டுக்கு உள்ளே போக விடுவேன்.

மாடிப்படிச் சண்டை போதும். இனி என்னோடு இருங்கள். அறை தயார். ஏப்ரல் 30 டிக்கெட் இதோடு வருகிறது.

உங்கள் மகள்

மார்ச் 24

அன்பு மகளுக்கு,

உன் டிக்கெட் வந்தது. உன் அண்ணன் டிக்கெட்டும் வந்தது. அதே ஏப்ரல் 30, அவன் ஊருக்கு. அங்கேயும் அறை தயாராம். “உங்களை ரெண்டா வெட்டி ஓரம் அடிச்சுத் தரவா தாத்தா?” என்று டைலரம்மா சிரிக்கிறாள்.

நீ எட்டாவது படிக்கும்போது முன்னறைக்கு வெள்ளை அடித்தோம். சுவரில் நீலக் கோடு போட நீ ஜன்னல் பக்கமிருந்து வந்தாய், அவன் கதவுப் பக்கமிருந்து வந்தான். நடுவில் இரண்டு கோடும் சேராமல் ஒரு சாண் ஏற இறங்க, முட்டி நின்றீர்கள். “நீதான்டி தப்பு!” “நீதான்டா!” உன் அம்மா அலமாரியை இழுத்து மறைத்தாள். கோடு இன்னும் அதன் பின்னால் அப்படியே இருக்கிறது.

எனக்கு எங்கே இருக்க ஆசை என்று இரண்டு பேருமே கேட்கவில்லையே, தாயே.

அப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பா,

நூறு கம்ப்யூட்டரைப் பேச வைக்கிறவள், அண்ணனுக்கு ஒரு போன் போடவில்லை. நேற்றுப் போட்டேன். “நீதான்டி தப்பு” என்றுதான் ஆரம்பித்தான். சிரித்துத் தீர்த்துவிட்டு, இப்போது சேர்ந்தே கேட்கிறோம்: எங்கே இருக்க ஆசை?

உங்கள் மகள்

ஏப்ரல் 11

என் இரண்டு செல்லங்களுக்கும்,

இங்கேதான். கட்டிலை முன்னறைக்கு இறக்கியாயிற்று. அலமாரி மாடிக்குப் போய்விட்டது. முழங்காலுக்கும் படிக்கும் இனிப் பேச்சுவார்த்தை இல்லை. படுத்தால் எதிரே அந்தக் கோடுதான்.

டிக்கெட்டுகளைத் திருப்பிவிட்டு, அதே முப்பதாம் தேதி நீங்கள் வாருங்கள். நீலப் பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு பேரும் நடுவிலிருந்து ஆரம்பியுங்கள்.

அப்பா