காலிக் கட்டத்தில் வந்த பெயர்

வெள்ளிக்கிழமை, சுவா எஸ்டேட்.

எஸ்டேட் பள்ளிச் சான்றிதழ்களை நான்தான் கம்ப்யூட்டரில் அச்சுக் கோத்தேன். நான் எழுதிய மேக்ரோ, அதாவது தானாக ஓடும் குட்டி நிரல், அட்டவணையிலிருந்து பிள்ளையின் பெயரையும் அப்பா பெயரையும் எடுத்துப் போடும். மலர்விழிக்கு அப்பா பெயர்க் கட்டம் காலி. பாழாய்ப்போன மேக்ரோ, முந்தைய வரிசைப் பையனின் அப்பா முனியாண்டியின் பெயரையே அவளுக்கும் போட்டுவிட்டது. நான் சரிபார்க்கவில்லை. இன்று சான்றிதழ் வழங்கும் விழா மேடையில் அதை அப்படியே மைக்கில் வாசித்தார்கள். மண்டபமே முனியாண்டியின் மனைவியைத் திரும்பிப் பார்த்தது.

மலர்விழியின் அம்மா என்னிடம் வந்தாள். "இனிமே இந்த எஸ்டேட்டுல நான் எப்படி தம்பி நடமாடுறது?" என்றாள். அந்தச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மேக்ரோவைத் திருத்திவிட்டேன். இப்போது சரியாக வருகிறது: 'மலர்விழி த/பெ'. தந்தை பெயருக்கான அந்த எழுத்துகளுக்குப் பிறகு ஒன்றுமில்லை. நாளை அந்தப் பிள்ளையின் கையில் இதைத்தான் கொடுக்க வேண்டும்.