முத்துநாச்சி குடியின் சஹன்

06.02.2009, வெள்ளி

சத்தியமாகச் சொல்கிறேன், இதை எவரும் நம்பப்போவதில்லை. நதீராவின் தகரக் கொட்டிலுக்கு இன்று ஒரு சஹன் வந்து சேர்ந்தது. அகன்ற செம்புத் தட்டம். ஆறு பேர் சுற்றியிருந்து சோறு தின்னலாம். என் அக்கா, ஜெமீலா ராத்தாவுடையது. சுனாமி ராத்தாவையும், பள்ளிச் சபையில் எங்கள் குடிக்கு மரைக்காராக இருந்த என் அண்ணன் நூஹுக் காக்காவையும் கொண்டுபோன அன்று இதையும் கொண்டுபோனது. போன சஹன் மாலைதீவில் ஒரு சுல்தானுக்கு நாலு வருஷம் சோறு போட்டுச் சலித்து, திமிங்கிலத்தின் முதுகிலேறித் திரும்பியிருக்கிறது.

"மாமா, பொய்யெண்டாலும் ஒரு அளவு வேணாமா?" என்றாள் ராத்தாவின் மகள் நதீரா.

சரித்திரத்துக்கு ஏது அளவு?

13.02.2009

 

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் சபை கூடியது. குடிக்கு ஒரு மரைக்கார், அவர்கள் சேர்ந்தால் சபை. பள்ளி கட்டிய காலம் தொட்டு இதுதான் வழமை. (அந்தப் பள்ளிக்குக் காட்டிலிருந்து தூணை ஒற்றைத் தோளில் தூக்கி வந்தவள் எங்கள் மூதாட்டி முத்துநாச்சி. மற்றத் தோளில் ஒரு யானை.) புதிய வீட்டுத் திட்டத்தில் மிச்சமிருக்கும் வீடுகளுக்காக ஒவ்வொரு மரைக்காரும் தன் குடிக்குக் கதைத்தார். நதீராவுக்குக் கதைக்க யார் இருக்கிறார்? மழைக்கு ஒழுகி வெயிலுக்கு வேகும் தகரத்துக்குள், புருஷனையும் கடலுக்குக் கொடுத்தவள், ஒரு மகளோடு. நான் எழும்பினேன்.

தலைவர் மீராமுகைதீன் கையை உயர்த்தினார். "இரி, சீனிமுகம்மது. முத்துநாச்சி குடி முடிஞ்சி போச்சி. மிச்சம் ஒரு பொய்க்காரனும் ரெண்டு பொம்புளப் புள்ளையளும். இதுக்கொரு மரைக்கார் எதுக்கு?"

முடிஞ்சி போச்சா? குடி உம்மாவின் வழியிலல்லவா வருகிறது! என் பிள்ளைகள் அவர்கள் உம்மாவின் குடி. நான் ஆயிரம் பிள்ளை பெற்றாலும் முத்துநாச்சிக்கு ஒரு பயனுமில்லை. அந்த இரண்டு பெண்பிள்ளைகள்தான் குடியே. சபையில் இருந்த அத்தனை தாடிக்கும் அது தெரியும். ஒரு தாடியாவது அசைந்ததா?

14.02.2009

நேற்று நான் விட்ட கோப மூச்சில் நிந்தவூரில் தென்னைகள் சாய்ந்ததாகக் கேள்வி.

22.03.2009

முகைதீன் கந்தூரி வருகிறது, பள்ளிவாசலில் ஊர் விருந்து. ஒவ்வொரு குடியும் தன் சஹனில் சோறு கொண்டுவரும், சபை கைவைக்கும். மரைக்கார் இல்லாத குடியின் சோற்றை மட்டும் சபை தொடாது. தொட்டுவிட்டால்? குடியை ஏற்றுக்கொண்டாயிற்று!

நதீராவிடம் சொன்னேன். யோசித்தாள். "சோறு நான் ஆக்குறன். நீங்க வாயை மட்டும் மூடிக்கொண்டு இரிங்க, மாமா."

என் வாயையா! கடலை மூடச் சொல்லியிருக்கலாம்.

07.04.2009, கந்தூரி

நெய்ச்சோறு, எருமை இறைச்சி. மணம் மருதமுனை வரை போய் அங்கே தறிகளெல்லாம் நின்றுவிட்டன. சஹன்களின் வரிசைக்குள் நம்முடையதையும் நுழைத்து, துணியை எடுத்து, தலைவர் முன்னே வைத்தேன். யாருடைய சோறு என்று அவர் கேட்கவில்லை. அந்த மனிதர் வாழ்நாளில் எதையும் கேட்டுவிட்டுத் தின்றதில்லை.

சோறு இறங்க இறங்க அடியில் குறி தெரிந்தது. எங்கள் குடி மாடுகளுக்குச் சுடும் அதே குறி, செம்பில் வெட்டியது. இந்த ஊரில் அதைத் தெரியாதவன் இல்லை. தலைவரின் கை பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. 

பக்கத்தில் இருந்து தின்ற அப்துல் ஹமீட் மரைக்கார், சபையில் மூத்தவர், விரலை நக்கிக்கொண்டு சொன்னார்: "மீரா, தின்டாச்சி. இனித் துப்பேலா. புள்ளைக்கு வீட்டக் குடு."

20.05.2009

யுத்தம் முடிந்ததென்று மெயின் வீதியில் வெடி கொளுத்துகிறார்கள். நதீரா புது வீட்டுக்குப் போய் ஒரு கிழமை. கல்வீடு. கதவுக்குப் பூட்டு. இன்றுதான் அந்த வீட்டில் முதல்முறையாகச் சஹனில் சோறு போட்டாள். முதல் பங்கைக் கனகசிங்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாள். காக்காவோடு மீன்பிடிக்கப் போய்வந்த கல்முனைத் தமிழர். இந்த நாட்களில் அவர் வீதிக்கு வருவதில்லை.

கதவு பாதிதான் திறந்திருந்தது. "வாங்க, மரைக்கார்" என்றார். சபையில் எனக்கு இடம் கிடைத்தது அவர் காதுக்கும் போயிருக்கிறது. இரண்டு பேரும் தின்றோம். வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒன்றும் வரவில்லை.

சரி, இங்கே எழுதிவிடுகிறேன். திமிங்கிலம் பொய். மாலைதீவு பொய். யானையும் பொய். சஹன் திரும்பி வந்தது மட்டும் மெய். சுனாமி மண் மூடிய வயலில் வரம்பு வெட்டும்போது கனகசிங்கத்தின் மண்வெட்டியில்தான் தட்டியது. அதில் எத்தனையோ கந்தூரிச் சோறு தின்றவர். குறியைக் கண்டதும் கழுவி, சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டி, சோதனைச் சாவடிகளில் அவிழ்த்து அவிழ்த்துக் காட்டிக்கொண்டு எங்கள் ஊர் வரை வந்தார். வந்து ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டாராம்: "முத்துநாச்சி குடியில ஆரும் இருக்கினமா?"

சபை ஒருநாளும் கேட்காத கேள்வி.